நாற்பத்தாறு டிகிரியில் ஓர் ஒப்புதல்

தெம்பேலே குடும்பத்தில் எவரும் வெயிலுக்குப் பயந்து சாரத்தை விட்டு இறங்கியதில்லை. என் அப்பா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் ஐம்பத்தொரு வயதில், ஓர் ஏப்ரல் மாத நடுப்பகலில், பாதி கட்டிய சுவரின் மேல் சாய்ந்தபடியே இறந்துபோனார். இந்த இரண்டு செய்திகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கலாமோ என்ற எண்ணம் எனக்கு அறுபத்துமூன்று வயதில்தான் வந்தது. எதையும் அவசரப்பட்டு யோசிக்காமல் இருப்பதும் எங்கள் குடும்பத்தின் கண்ணியங்களில் ஒன்று.

என் பெயர் மக்கான் தெம்பேலே. கயெஸ் நகரத்தில் மேஸ்திரி. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் நிற்கும் இரண்டு மாடிப் பள்ளிக்கூடம் என் மேற்பார்வையில் எழும்பியது. அதன் மேற்குச் சுவரில் இரண்டு விரிசல்கள் இருக்கின்றன. அவற்றின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி முடித்தும் ஆயிற்று என்பது தனி விஷயம்.

ஜூனில் மழை வந்துவிடும். அதற்குள் மேல்தளம் போட்டாக வேண்டும். ஆட்கள் இருபத்திரண்டு பேர். இந்த நிலையில்தான் தலைநகர் பமாக்கோவிலிருந்து எஞ்சினியராக அசித்தான் வந்து சேர்ந்தாள். என் தம்பி மகள். வந்த மறுநாளே வாசலில் ஒரு பலகை மாட்டினாள். பதினொன்றரையிலிருந்து நாலு மணி வரை வேலை நிறுத்தம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் அரை நாள்தான் வேலை செய்ய வேண்டும். இப்படி ஆறு விதிகள். வேப்பமரத்தை ஒட்டி, அரிசிச் சாக்குகளைத் தைத்து ஒரு பந்தல் போட்டாள். பந்தலுக்குள் நான்கு மண்பானைகள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். பந்தல் காலில் ஒரு வெப்பமானியையும் ஆணியடித்து மாட்டினாள்.

"அது பாவம், வெளியூர்க்காரன்" என்றேன் வெப்பமானியைக் காட்டி. "நம்ம ஊர் வெயிலைப் பார்த்து மிரண்டு போய் ஏறிக்கிட்டு நிக்கிறான்."

ஆட்கள் சிரித்தார்கள். அசித்தான் சிரிக்கவில்லை.

அன்று பதினொன்றரைக்கு அவள் விசில் ஊதினாள். எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் சாரத்தில் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் என்னோடு மூன்று பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் ஏழு பேர். மேஸ்திரி வெயிலில் நிற்கும்போது நிழலில் காலை நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

அசித்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, நீங்க இறங்கினாத்தான் அவங்க இறங்குவாங்க."

"நான் யாரையும் நிக்கச் சொல்லலையே."

"சொல்ல வேண்டாம். நீங்க நிக்கிறதே போதும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"தெம்பேலேக்கு ஒண்ணும் ஆகாது."

"தாத்தாவுக்கு ஆச்சே, பெரியப்பா."

 கோபப்பட்டேன். பதில் இல்லாத இடங்களில் கோபப்படுவதற்கு நான் நாற்பது வருஷமாகப் பழகியிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் வெயிலில் சீக்கிரம் உலர்ந்தால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் மூன்று வேளை சுவருக்குத் தண்ணீர் விடச் சொல்வேன். நடுப்பகலில் ஈரச் சாக்கு போர்த்தச் சொல்வேன். ஒரு சாக்கு காய்ந்து கிடந்தாலும் சத்தம் போடுவேன். மனிதனுக்கும் இதையேதான் அந்தப் பெண் செய்யச் சொல்கிறாள் என்பது, ஈரச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உறைக்கவில்லை.

இனி தியெமொகோ கோனேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பி கட்டுகிறவன், என் வயதுதான். கோனேக்களும் தெம்பேலேக்களும் கேலி உறவுக்காரர்கள். எழுநூறு வருஷமாக ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறோம். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அதுதான் அவமானம். கோனேக்கள் எங்களைக் காராமணி தின்னிகள் என்பார்கள்; எங்கள் பக்கத்தில் அது பெரிய வசவு. காராமணியை விளைவித்துத் தின்றதே அவர்கள்தான் என்போம் நாங்கள். ஒருவர் வீட்டில் மற்றவருடைய தாத்தா சட்டி கழுவினார் என்று இரண்டு பக்கமும் சொல்வோம். இந்த எழுநூறு வருஷத்தில் இரண்டு குடும்பத்திலும் ஒரே ஓர் ஆள்கூட 'ஆமாம்' என்று சொன்னதில்லை. அடிபட்டுக் கிடக்கும்போதும் சொன்னதில்லை. என் அப்பாவின் அடக்கத்தன்று தியெமொகோவின் அப்பா குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இந்தக் காராமணி தின்னிக்கு இவ்வளவு பெரிய குழி எதுக்கு? ஒரு சட்டி புதைக்கிற அளவு போதும்" என்றார். அழுதுகொண்டிருந்த நான், "அந்தச் சட்டியையும் நீங்கதான் திருடிட்டுப் போயிருப்பீங்க" என்றேன். அவ்வளவு கண்டிப்பான விஷயம் இது.

தினமும் காலை ஆறு மணிக்குத் தியெமொகோ இப்படித்தான் வருவான்:

"ஏ காராமணி தின்னி, எழுந்தாச்சா? வயிறு உப்பிட்டு சாரத்துல ஏற முடியுமா?"

"உன் தாத்தா கழுவிவச்ச சட்டியிலதான்டா தின்னேன். நல்லா பளபளன்னு இருந்தது."

இப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும்.

அந்தப் புதன்கிழமை வெப்பமானி நாற்பத்தாறைக் காட்டியது. நான் மேற்குச் சுவரில் இருந்தேன். மற்ற ஏழு பேரையும் அசித்தான் எப்படியோ கெஞ்சிப் பந்தலுக்குள் உட்கார வைத்திருந்தாள். சாரத்தில் நான் தனி ஆள். பன்னிரண்டரை இருக்கும். எனக்கு வேர்வை நின்றுபோனதைக் கவனித்தேன். உடம்பு வெயிலுக்குப் படிந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. பிறகு மெல்லக் குளிர் எடுத்தது. நாற்பத்தாறு டிகிரியில் குளிர் எடுப்பது தெம்பேலே ரத்தத்தின் வலிமை என்றே முடிவு செய்தேன். தூக்குக்குண்டு ஆடுவதுபோலத் தெரிந்தது. காற்று இல்லாமல் அது ஏன் ஆடுகிறது என்று நினைத்ததுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை இருபத்திரண்டு வாய்கள் எனக்குச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் பொதுவாக உள்ளதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

தியெமொகோ ஒரு சுரைக்குடுவையில் தண்ணீரோடு சாரத்தின் அடியில் வந்து நின்றானாம்.

"ஏ காராமணி தின்னி! இறங்குடா! உனக்குன்னு ஒரு சட்டி வேகவச்சு வச்சிருக்கேன்!"

நான் கரணையைக் கீழே வைத்தேனாம். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னேனாம்:

"ஆமாம் தியெமொகோ. நாங்க காராமணிதான் தின்னோம். எங்க தாத்தா உங்க வீட்டுலதான் சட்டி கழுவினார். உங்க தாத்தா ரொம்ப நல்ல மனுஷன். மிச்சம் இருக்கிறதையெல்லாம் கொடுத்துவிடுவார்."

 பந்தலுக்குள் பானை உருளும்படி சிரித்தார்களாம். சிலர் எழுந்து ஆடினார்களாம். ஒருவன் இதைத் தன் மனைவிக்கு போனில் சொல்லவும் ஆரம்பித்துவிட்டான்.

தியெமொகோ மட்டும் சிரிக்கவில்லை. எழுநூறு வருஷமாக அவன் குடும்பம் காத்திருந்த வெற்றி அவன் காலடியில் வந்து விழுந்திருக்கிறது. அவன் குடுவையைப் போட்டுவிட்டுக் கத்தினானாம்:

"தண்ணி! தண்ணி கொண்டாங்கடா! இவன் மண்டை கொதிக்குது!"

அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். கேலியில் அடுத்த கட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

"முட்டாப் பசங்களா! தெம்பேலே ஆமான்னு சொல்றான்! புத்தியோட இருக்கிற தெம்பேலே ஆமான்னு சொல்லுவானா? ஏறுங்கடா!"

அவனே முதலில் ஏறினான். அறுபத்துமூன்று வயதில், முட்டிவலியோடு. அவன் மேலே வருவதற்குள் நான் ரசமட்டத்தைக் கையில் எடுத்து, மாமியாரைக் கூப்பிடுவது போல அதைக் கூப்பிட்டு நலம் விசாரித்தேன் என்கிறார்கள். இதை மட்டும் நான் இன்றுவரை ஏற்கவில்லை.

பலகையில் கட்டி இறக்கினார்கள். அசித்தான் என் சுவரில் கிடந்த ஈரச் சாக்குகளை எல்லாம் உருவி என்மேல் போர்த்தச் சொன்னாள். "வாயில ஊத்தாதீங்க, உடம்பு மேல ஊத்துங்க, விசிறுங்க!" என்று கத்தினாளாம். தெருவில் ஐஸ் பை விற்றுக்கொண்டு போன பெண்ணின் பெட்டி முழுவதும் என் கக்கத்திலும் கழுத்திலும் காலியானது. சாக்கு இல்லாத சுவர் அன்று மாலைக்குள் இரண்டு இடத்தில் வெடித்தது. சாக்கை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அது ஒளிக்காமல் காட்டிவிட்டது.

மறுநாள் காலை மருத்துவமனையில் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது என் மனைவி ஃபந்தாவின் முகம்.

"உயிர் இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா ஒண்ணு. எங்கப்பா என்னை உங்களுக்குக் கொடுத்தப்போ, சட்டி கழுவுற வீடுன்னு யாரும் சொல்லவே இல்லையே."

அப்படித்தான் நான் சொன்னது எனக்கே தெரியவந்தது.

ஊர் முழுவதும் பரவிவிட்டிருந்தது. செவிலி, ஊசி போடும்போது, "மதியச் சாப்பாட்டுக்குக் காராமணி வேணுமா, சொல்லிவிடட்டுமா, மேஸ்திரி?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தின் பெருமைகளைப் பாடும் பாணர் வந்து, கட்டிலருகே வெகுநேரம் ஒன்றும் பாடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போகும்போது, "இந்த ஒரு வரியை எங்கே வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

மாலையில் தியெமொகோ வந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சரிடா. இப்ப சொல்லு. நீ சொன்னது நிஜமா, வெயிலா?"

"என்ன கேள்வி இது?"

"வெயில்னு சொன்னா அது செல்லாது. மண்டை கொதிக்கிறவன் வாயில வந்ததை எந்தக் கோனேயும் எடுத்துக்க மாட்டான். ஆனா ஊரைக் கூட்டி நீயே சொல்லணும், வெயில் என்னை அடிச்சுடுச்சுன்னு."

"வெயில் எங்களை அடிக்காது."

"அப்போ காராமணி நிஜம்" என்று எழுந்துகொண்டான். "ரொம்ப நல்லது. எங்க தாத்தா கல்லறைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

நான் மாட்டிக்கொண்டேன். வெயில் எங்களை அடிக்காது என்றால், எழுநூறு வருஷ மானத்தைச் சுயபுத்தியோடு தாரைவார்த்தவன் ஆகிறேன். வெயில் அடித்தது என்றால், என் அப்பா சொன்னது பொய். அவர் எதனால் செத்தார் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கௌரவமான வழியைத் தேடினேன். மலேரியா என்று சொல்லலாம் என்று தோன்றியது. மறுநாள் நடுப்பகலில் அசித்தான் வந்தபோது அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ரத்தப் பரிசோதனை. மலேரியா இல்லை.

"மீன் ஒத்துக்கலைன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

"பெரியப்பா" என்றாள், "நீங்க மூணு நாளா மீனே சாப்பிடலை. பெரியம்மாகிட்ட கேட்டுட்டேன்."

அதற்குப் பிறகு சொன்னாள், குரலைத் தாழ்த்தி: "அங்க உங்க சுவர்ல மொதிபோ நிக்கிறான். நடுப்பகல்ல. விசில் ஊதினா இறங்க மாட்டேங்கிறான். மேஸ்திரி விட்ட இடத்துல ஒரு தெம்பேலேயாவது நிக்கணுமாம். குடும்ப மானமாம். நீங்க வந்து சொன்னாத்தான் இறங்குவானாம்."

மொதிபோ தெம்பேலே. எனக்குத் தூரத்து உறவு. நல்ல கொத்தனார். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பெயர் சூட்டும் நாளில் நான்தான் முன்வரிசையில் உட்கார்ந்து, இவன் தெம்பேலே, எதற்கும் இறங்க மாட்டான் என்று அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியிருந்தேன்.

"எத்தனை நாளா நிக்கிறான்?"

"இன்னிக்கு ரெண்டாவது நாள். இப்பவும் நிக்கிறான்."

மணி பன்னிரண்டு. எழுந்தேன். ஃபந்தா வாசலை மறித்தாள். வெயிலில் போவதானால் ஈரத்துணி போர்த்தித்தான் போக வேண்டும் என்றாள். கையில் கிடைத்தது அவளுடைய துணிதான். மஞ்சள் நிறம், முழுக்க மின்விசிறிப் படம் போட்டது. அதைத் தண்ணீரில் முக்கி என் தலையிலிருந்து முழங்கால் வரை சுற்றினாள். இப்படியாக, தெம்பேலே குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்காக, மனைவியின் ஈரத்துணிக்குள் சொட்டச் சொட்ட, மூன்று சக்கர வண்டியில் கிளம்பினேன். வழியில் மூன்று பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான்கு பேர் அக்காவுக்கு வணக்கம் என்றார்கள்.

பந்தலில் எல்லோரும் இருந்தார்கள். மேலே சாரத்தில் மொதிபோ, தனியாக. கல்லை எடுப்பான், வைப்பான், எடுப்பான்.

"இறங்குடா மொதிபோ" என்றேன்.

"மேஸ்திரி" என்றான் மேலிருந்து. குரல் கொழகொழவென்றிருந்தது. "நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

"நல்லாத்தான் இருக்கான்" என்றான் பந்தலில் ஒருவன். "காலையிலகூட சிரிச்சான்."

தியெமொகோ என் பக்கத்தில் வந்து நின்றான். என் மஞ்சள் துணியை மேலும் கீழும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்; அது பிறகு ஆகட்டும் என்று வைத்துக்கொண்டான். தலையை நிமிர்த்திக் கத்தினான்:

"ஏ மொதிபோ! உன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீங்களா, இல்லை இப்பவே காராமணி ஊட்டறீங்களா?"

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எந்தத் தெம்பேலேக்கும் மூச்சு விடும் நேரத்தில் பதில் வரும். மூன்று வயதுக் குழந்தைக்கும் வரும். மொதிபோ கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். மிகவும் நேர்மையாக யோசித்தான்.

"ரெண்டும்" என்றான்.

இந்த முறை பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. இருபது பேரும் எழுந்து ஓடினார்கள். நான் ஓடவில்லை, துணி காலில் சிக்கியது. நின்ற இடத்திலேயே, என் வாழ்க்கையில் நான் கத்தியதிலேயே பெரிய சத்தமாகக் கத்தினேன்:

"வெயில்தான்டா! அன்னிக்கு என்னை அடிச்சது வெயில்! எங்கப்பாவைக் கொன்னதும் வெயில்தான்! இறங்குடா, உன் பிள்ளைக்கு அப்பா வேணும்!"

மொதிபோ என்னைப் பார்த்தான். கல்லை வைத்தான். கால் எடுத்து வைக்கும்போது சாய்ந்தான், ஏறியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். என்மேலிருந்த ஈரத்துணி முதலில் அவன்மேல் போனது. பிறகு சாக்குகள், பிறகு பானைத் தண்ணீர், பிறகு ஐஸ்காரப் பெண்ணின் பெட்டி. அவள் இப்போது எங்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே கடை போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் மொதிபோ கண் திறந்து பார்த்தான். தியெமொகோ குனிந்து, "காராமணி தின்னி" என்று மெதுவாகச் சொன்னான்.

மொதிபோ உதட்டை நனைத்துக்கொண்டான். "உன் வாய்ல... சட்டி நாத்தம்" என்றான்.

தியெமொகோ தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அப்படித்தான். ஆனால் என்மேல் ஏற்கெனவே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு வசதி இருந்தது.

அசித்தானின் பலகையில் இப்போது ஏழாவது விதி ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவனையும் அவனுடைய கேலி உறவுக்காரன் திட்ட வேண்டும். பதில் உடனே வர வேண்டும். காரமாகவும் இருக்க வேண்டும். தாமதமானாலோ மரியாதையாக வந்தாலோ அவனைப் பந்தலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும். எங்கள் வேலையிடத்தில் யாருக்கும் இந்த உறவு இல்லாமல் இல்லை. வெப்பமானி இன்னும் தொங்குகிறது. ஆனால் ஆட்கள் அதைவிட இதைத்தான் நம்புகிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் கேட்கும் வசவுகளைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள்.

பதினொன்றரைக்கு விசில் ஊதினால் முதலில் இறங்குவது நான்தான். நிமிர்ந்த முதுகோடு, யாரையும் பார்க்காமல், ஏதோ அவசர வேலைக்குப் போகிறவன் போல இறங்குவேன். பந்தலில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

முதல் நாள் அந்த இடத்தில் தியெமொகோ ஒரு தட்டு வைத்திருந்தான். ஆவி பறக்கும் காராமணி, மேலே வதக்கிய வெங்காயம், கொஞ்சம் மீன்.

"பசியில்லை" என்றேன்.

"நீ சொன்னது செல்லாதுன்னு ஊரே ஒத்துக்கிச்சு. வெயில்ல சொன்னது செல்லாது. சரி. ஆனா இது நிழல்" என்றான். "நிழல்ல தின்னா செல்லும்."

என் வயிறு, பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி, தன் கருத்தைச் சொன்னது. காலை ஆறு மணியிலிருந்து வேலை செய்தவன் நான். யோசித்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பந்தலின் விளிம்புக்குப் போய், நிழலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, வெயிலில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். மிகவும் நன்றாக இருந்தது.

"பெரியப்பா!" என்று கத்தினாள் அசித்தான். "உள்ள வாங்க!"